ஜெர்சி திருப்பிக் கொடுக்கும் நாள்

சிவப்பு ஜெர்சியை மட்டும் வெந்நீரில் போடக் கூடாது ஐயா. சாயம் விட்டுவிடும். பச்சைத் தண்ணீரில் ஒரு பிடி உப்பைப் போட்டு ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் அலசி, நிழலில் காயப்போட வேண்டும். எங்கள் டீம் ஆட்களின் பெண்சாதிமார் எல்லாருக்கும் இதை நானே வாசல் வாசலாகப் போய் நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மற்ற டீம்காரர்கள் எங்கள் ஜெர்சியைப் பார்த்து மூக்கின் மேல் விரலை வைப்பதற்குக் காரணம் அதுதான். ஒரு மேஸ்திரி துணி துவைப்பதைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். சின்ன விஷயத்தில் கவனம் இல்லாதவனைப் பெரிய வேலைக்கு நம்ப முடியாது என்பது என் கட்சி.

என் பெயர் கோதண்டம். ராயபுரத்தில் கடலோரமாகக் கப்பல் பாய்லர் பழுதுபார்க்கும் பட்டறையில் கிரேன் மேஸ்திரி. கம்பெனி புட்பால் டீமுக்குச் செக்ரட்டரியும் நான்தான். கிரேன் டிரைவர் நீலமேகத்தை நீங்கள் ஸ்டேஷன் லாக்கப்பில் வைத்திருப்பது நியாயமில்லை. அவன் மேல் ஒரு தப்பும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை நான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இடையில் நிறுத்திக் கேட்காமல் இருந்தால் எனக்குச் சௌகரியம்.

எங்கள் டீமில் பெரும்பாலோர் கம்பெனியின் நிரந்தர ஆட்கள். மீதி மூன்று நாலு பேரைப் பந்து ஆள் என்போம். நன்றாகப் பந்து ஆடுகிறான் என்று வெளியிலிருந்து கூட்டிவந்து, பட்டறையில் ஒரு வேலையும் கம்பெனி லைன் வீட்டில் ஓர் அறையும் கொடுத்து வைத்துக்கொள்வது. சீசன் முடிந்ததும் அந்த ஏற்பாடும் முடிந்துவிடும். அவன் எந்த டீமுக்கு வேண்டுமானாலும் போகலாம். கம்பெனியும் அவனை வைத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம். எத்தனை பேரை வைத்துக்கொள்வது என்பதைக் கம்பெனித் துரை சொல்வார். யார் யார் என்பதை நான் சொல்வேன்.

அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆட்டம் முடிந்த பிறகு ஒவ்வொருவனும் தன் ஜெர்சியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என்னிடம் கொடுத்துவிட வேண்டும். பூஜையில் சுத்தி, உளி, அரம் எல்லாவற்றோடும் ஜெர்சிகளையும் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் விஜயதசமி காலையில் பெயர் பெயராகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். யாருக்கு ஜெர்சி கிடைக்கிறதோ அவன் இருப்பான். கிடைக்காதவன் போக வேண்டியதுதான். வாய்விட்டு யாரும் எதுவும் சொல்வதில்லை. ஒன்றோடு ஒன்று கலந்துவிடக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் காலரின் உள்பக்கம் ஆளுக்கு ஒரு குறி தைத்துவிடுவார்கள். ஒருத்தி கத்திரிக்கோல் தைப்பாள், ஒருத்தி கிளி தைப்பாள். எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது, குறியைப் பார்த்துத்தான் ஜெர்சியைக் கண்டுபிடிப்பார்கள்.

நான் செக்ரட்டரி ஆன முதல் வருஷம் வேலப்பனுக்கு ஜெர்சி கொடுக்கவில்லை. கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற நல்ல பேக்தான், ஆனால் வயசாகிவிட்டது. எல்லார் பெயரையும் கூப்பிட்டு முடித்த பிறகும் அவன் கையை நீட்டியபடியே நின்றான். சுண்டல் வாங்க நிற்பவன் நீட்டுவதைப் போல நீட்டியிருந்தான். நான் பார்க்காத மாதிரி கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த வாரமே லைன் வீட்டைக் காலி செய்தார்கள். எண்ணூர் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். குடிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு நாள் கழிமுகத்தில் மிதந்தான் என்றார்கள். அவன் பெண்சாதி தாயம்மாவைத் திருவொற்றியூர்க் கோவில் குளத்தண்டை பார்த்தேன். மடியில் குழந்தை, முன்னால் ஒரு தகரக் குவளை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நல்லா கீறியா நைனா?" என்று கேட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. இனிமேல் ஒருவன் வயிற்றில் அடிப்பதில்லை, எவனையும் போ என்று அனுப்புவதில்லை என்று அந்தக் குளத்தங்கரையிலேயே தீர்மானம் செய்துகொண்டேன். இன்றுவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் கிருஷ்ணப்பனை விட வேண்டியிருந்தது. எப்படிச் செய்வது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். பூஜைக்கு முந்தின வாரம் ஒரு சங்கிலி அறுந்து அவன் வலது கையில் விழுந்தது. அது சத்தியமாகத் தானாக அறுந்ததுதான், அதில் எனக்குப் பங்கு இல்லை. வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த சமயம். துரை முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். கிருஷ்ணப்பன் பெண்சாதி கெங்கம்மாவுக்குக் கிடங்கில் சாக்கு தைக்கிற வேலையும் கிடைத்தது. வேலை இருந்ததால் லைன் வீடும் நிலைத்தது. நஷ்டஈட்டை வைத்துத் தண்டையார்பேட்டையில் ஒரு ஆப்பக்கடை போட்டார்கள். நான் அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் உட்காரவைத்து, காசு வாங்காமல், தேங்காய்ப்பால் தனியாக ஊற்றிக் கொடுப்பார்கள்.

"ஒரு கை போனா இன்னா மேஸ்திரி, வவுறு ரொம்புதே" என்பான் கிருஷ்ணப்பன், இடது கையால் மாவைச் சுழற்றிக்கொண்டே.

நீங்களே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் ஐயா. போ என்று அனுப்பப்பட்டவன் தண்ணீரில் மிதந்தான். அடிபட்டவன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. இது புரிவதற்குப் பெரிய படிப்பு தேவையும் இல்லை.

கிரேன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டறையில் ரிவெட் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் கிரேனுக்குக் கை ஜாடைதான். முட்டி பிடித்துக் கையை உயர்த்தினால் அப்படியே நிறுத்து. விரலை விரித்துத் தாழ்த்தினால் இறக்கு. டிரைவர் சுமையைப் பார்க்கக் கூடாது, கீழே நிற்கிற ஆளையும் பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்து ஆளுக்கு ஒரு முடிவு எடுத்தால் விபத்துதான். மேஸ்திரியின் கையை மட்டும் பார்க்க வேண்டும். நீலமேகத்தை அப்படிப் பழக்கியவன் நான். தும்மல் வந்தாலும் என் கையை விட்டுப் பார்வையை எடுக்க மாட்டான்.

தாமோதரன் என்று ஒருவன் இருந்தான், ஹாப் பேக். அவனை விட வேண்டிய வருஷத்தில், அவன் சுமைக்குக் கீழே முட்டுக் கொடுக்கிற அடிக்கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, என் முட்டி கொஞ்சம் முன்னதாகத் திறந்தது. இடது பாதம் மட்டும்தான். எல்லாரும் ஐயோ பாவம் என்றார்கள். நானும் சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். இப்போது சாத்தாங்காட்டில் எருமை வாங்கிப் பால் ஊற்றுகிறான். தீபாவளிக்கு எனக்குப் பால்கோவா வரும். அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும் இப்படித்தான் பார்த்துச் செய்தேன். எல்லாம் கை கால் அளவோடுதான், உயிருக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டேன். ராயபுரத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். கோதண்டம் மேஸ்திரி டீமிலிருந்து எவனையும் விரட்டியதில்லை என்றுதான் சொல்வார்கள்.

இந்த வருஷம் பந்து ஆட்கள் மூன்று பேர். வியாசர்பாடி கருணாகரன், கோல் காக்கிற கோலி. சின்னப்பையன், பேக். பேர்தான் சின்னப்பையன், தலை பாதி நரைத்துவிட்டது. மூன்றாவது பொன்னுரங்கம், இடது ஓரமாக ஓடி ஆடுகிற லெப்ட் அவுட். துறைமுகத்துக்குக் கப்பல் வருவது குறைந்து, பட்டறையில் பாதி உலை அணைந்து கிடக்கிற காலம். துரை என்னைக் கூப்பிட்டு, இத்தனை பேர் போதும் என்று இரண்டு விரலைக் காட்டினார்.

பொன்னுரங்கத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. எண்ணூர்க் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவனைக் கண்டெடுத்து அழைத்துவந்தவன் நான். மணலில் ஓடிப் பழகிய கால். கடைசி ஆட்டத்தில் பூட்ஸ் போட்ட பட்டாளத்துக்காரர்கள் மூன்று பேர் சுற்றி வளைத்தார்கள். இவன் வெறுங்காலில் நடுவே புகுந்து வெளியே வந்தான், பந்தும் கூடவே வந்தது. நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினேன். எனக்குப் பிள்ளை இல்லை ஐயா. அவனுக்குக் கன்னியம்மாவைப் பார்த்துப் பேசி முடித்துக் கட்டிவைத்ததும் நான்தான். அவள் அவன் ஜெர்சியில் ஒரு மீன் தைத்திருந்தாள், வெள்ளை நூலில், கண் வைத்து.

கருணாகரனை விட்டால் வேறு கோலி கிடையாது. ஆகவே விட வேண்டியவன் சின்னப்பையன் என்று முடிவாயிற்று. அவனுக்கே அது தெரிந்திருந்தது போலிருக்கிறது. ஒரு மத்தியானம் சோற்று வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மேஸ்திரி, வூட்ல புள்ளைங்க கீது. பெரியவளுக்கு மாப்ள பாத்துகினு கீறேன். இந்த ஒரு வருசம் மட்டும் எதுனா பாத்து செய்யி நைனா."

"உன்ன நான் போன்னு சொல்லுவேனா?" என்றேன்.

"அக்காங், நீ சொல்ல மாட்ட. அது ஊருக்கே தெரியும்" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நான் பொய் சொல்லவில்லை. போகச் சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. எந்தக் கால் என்பதுதான் யோசனையாக இருந்தது. வலது முழங்கால் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. அந்தக் காலாகவே பார்த்துச் செய்தால் அவனுக்கு நஷ்டம் குறைவு என்று முடிவு செய்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் பட்டறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். நடுவில் கிடந்த பெரிய பாய்லர் தகட்டைத் தூக்கிச் சுவரோரம் வைத்தால்தான் பூஜைக்கு இடம் கிடைக்கும். வைக்கிற இடத்தில் அடிக்கட்டை போடச் சின்னப்பையனை நிறுத்தியிருந்தேன். காலையிலிருந்து ஒவ்வொருவனாக ஜெர்சியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். பொன்னுரங்கம் கடைசியாக வந்தான். காகிதத்தில் மடித்துச் சணல் கட்டிக் கொண்டுவந்திருந்தான்.

"நைனா, கோச்சிக்காத. பேசின் பிரிட்ஜுக்கு அந்தாண்ட ஒரு டீம்ல கூப்ட்டாங்க. வேல நெரந்தரமாம், வூடும் தராங்களாம். கன்னிம்மாவுக்கு வேற மாசம் ஏறிகினே போவுது. நான் போய்க்கிறேன் நைனா. இத்த வேற யாருக்கானா குடு. இன்னும் யாருக்கும் சொல்லல, உன்னாண்டதான் மொதல்ல சொல்றேன்."

பிரித்துப் பார்த்தேன். காலருக்குள் மீன் இல்லை. அடுத்தவனுக்கு உபயோகப்படட்டும் என்று கன்னியம்மா அதைப் பிரித்தெடுத்து அனுப்பியிருந்தாள். ஊசி போன ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"நல்லா இரு" என்றேன்.

"நீ திட்டுவன்னு பயந்துகினே வந்தேன். நைனா கால்ல வுழுந்துட்டுதான் வரணும்னு அவ சொல்லி அனுப்ச்சா" என்று சிரித்துக்கொண்டே என் காலைத் தொட்டான்.

கணக்கு சரியாகிவிட்டதே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருவன் தானாகப் போகிறான், மிஞ்சுவது இரண்டு பேர், துரை காட்டியதும் இரண்டு விரல். சின்னப்பையனுடைய காலுக்கும் ஒன்றும் வர வேண்டியதில்லை. எனக்கும் அது அந்த நிமிஷமே புரிந்தது. புரியாமல் செய்தான் என்று எழுதிவிடாதீர்கள்.

ஆனால் இத்தனை வருஷத்தில் எவனும் என்னிடம் வந்து, நான் போகிறேன் என்று சொன்னதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை ஐயா, அழுகையும் வரவில்லை. ரிவெட் சத்தம் சட்டென்று நின்றால் காது அடைத்துக்கொள்ளுமே, அப்படி இருந்தது. அந்த ஜெர்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே தகடு தொங்குகிற இடத்துக்குப் போனேன்.

"சின்னப்பையா, நீ குந்தினா எழுந்திருக்கப் பொங்கல் ஆயிடும். தள்ளு. டேய் பொன்னுரங்கம், நீ வா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சின்னப்பையனும் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். பொன்னுரங்கம் ஓடிவந்தான். கடைசி வேலை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்பது போல என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் குனிந்தான். என் முட்டி மூடியிருந்தது. நீலமேகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் விரலை விரித்துக் கையைத் தாழ்த்தினேன்.

காலோடு போக வேண்டியது. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள். வேறு எவனாக இருந்தாலும் திகைத்து நின்ற இடத்திலேயே நின்றிருப்பான், பாதம் மட்டும் போயிருக்கும். இவன் வேகக்காரன். தகடு அசைந்ததும் மைதானத்தில் பாய்கிற மாதிரி பாய்ந்தான், பாய்ந்த பக்கம் தப்பாகிவிட்டது. அவ்வளவு வேகம் இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பான். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் நான் அவனைக் கூட்டிவந்தேன்.

சின்னப்பையன் என் காலைக் கட்டிக்கொண்டு, "என் உயிர காப்பாத்துனியே சாமி" என்று அழுதான். நீலமேகம் கிரேனை விட்டு இறங்கவே இல்லை. "நான் உன் கையத்தானே பாத்துகினு இருந்தேன், உன் கையத்தானே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குடித்திருந்தான் என்று துரை சொன்னார், உங்கள் ஆட்கள் அழைத்துப் போனார்கள். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. பூஜை வேலை தலைக்கு மேல் கிடந்தது.

சாவு வீட்டில் கன்னியம்மா, "வேலைய வுட்டுட்டு வரேன்னு சொல்லத்தானே போன, சொல்லிட்டு வூட்டுக்கு வந்திருக்கக் கூடாதா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவன் என்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றேன். வேறு எப்படிச் சொல்வேன்? போகிறேன் என்று சொல்லிவிட்டவனைக் கம்பெனி தன் ஆள் இல்லை என்று கைகழுவிவிடும். அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் கிடைக்காது. தாயம்மாவுடைய தகரக் குவளை என் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

அதனால்தான் வீட்டுக்கு வந்து ஊசியும் வெள்ளை நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குறி இல்லாத ஜெர்சி பூஜையில் இருந்தால் அவன் போகத் துணிந்தவன் என்று தெரிந்துவிடும். பழைய ஓட்டைகள் இருந்ததால் தைப்பது சுலபமாகத்தான் இருந்தது. வால் மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது. கண்ணும் வைத்தேன். மறுநாள் மற்ற ஜெர்சிகளோடு அதையும் அடுக்கி, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டினேன்.

விஜயதசமி காலையில் கருணாகரனைக் கூப்பிட்டேன், வாங்கிக்கொண்டான். சின்னப்பையனைக் கூப்பிட்டேன், ஜெர்சியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பொன்னுரங்கம் என்றும் கூப்பிட்டேன். அந்த ஜெர்சியை நானே லைன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கன்னியம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் வைத்தேன்.

"உன் வூட்டுக்காரன நான் வுட்டுடல தாயி. அவன் எப்பவும் எங்க ஆளுதான். வூடு உனக்குத்தான். நஷ்டஈடும் வாங்கித் தர்றேன்" என்றேன்.

அவள் பழக்கதோஷத்தில் காலரைப் புரட்டினாள். மீனைப் பார்த்தாள். கட்டைவிரலால் அதன் வாலைத் தடவினாள்.

"இது என் தையல் இல்ல" என்றாள். "இத்த நான் பிரிச்சில்ல அனுப்ச்சேன். பிரிச்சது எதுக்குன்னு கேக்காமயா நீ வாங்கி வெச்ச? போறேன்னு உன்னாண்ட சொல்லிட்டுத்தானே அவரு உள்ள போனாரு? மறுபடியும் மீன தச்சது யாரு நைனா?"

அவள் அழவில்லை. நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஜெர்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, நேரே உங்களிடம் நடந்து வந்தாள். உங்கள் மேஜை மேல் கிடக்கிறதே, அதுதான்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஏன் என்ற ஒரே கேள்வி. எனக்குத் தெரிந்த வரையில் சொல்லிவிட்டேன். நீலமேகத்தை அனுப்பிவிடுங்கள், அவன் அம்மாவுக்குக் கண் தெரியாது. கன்னியம்மாவுக்குச் சேர வேண்டியது சேரும்படி ஒரு வார்த்தை எழுதுங்கள். ஜெர்சியை உங்கள் ஆட்கள் யாரும் துவைக்க வேண்டாம், வெந்நீரில் போட்டுவிடுவார்கள். எவனையும் நான் போ என்று சொல்லவில்லை என்பதை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் இரண்டு பேர் போதும் என்றார் துரை. நான் மூன்று பேரையும் வைத்துக்கொண்டேன்.